காசு கட்டி ஏறும் மலை

அப்புத்தளை ஸ்டேசனுக்குக் காலைக் கோச்சி வரும்போது முதலில் கண்ணில் படுவது கால்கள். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்று ஜோடி வெள்ளைக் கால்கள் வெளியே தொங்கும். ஒரு பெண் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் வெளியே சாய்த்திருப்பாள். அடுத்த பெட்டி வாசலில் ஒருவன் அதே அளவுக்குச் சாய்ந்து அவளைப் படமெடுப்பான். உள்ளே எட்டிப் பார்த்தால் சீட்டுகள் காலி. முன்கூட்டியே காசு கட்டி இடம் பிடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து வருகிறார்கள்.

நாங்களும் அந்த வாசலில் தொங்கியவர்கள்தான். உள்ளே மரக்கறி மூட்டை, கோழிக்கூடை, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கிழவி என்று எல்லாம் நிறைந்துவிடும். மிச்சமிருப்பது வாசல். அதிலும் கார்ட் வந்து காதைப் பிடித்து உள்ளே தள்ளுவார். உள்ளே இருப்பவர்கள் திரும்ப வெளியே தள்ளுவார்கள். இப்போதைய கார்ட் அதே வாசலுக்கு வந்து, கும்பிடாத குறையாக, "ப்ளீஸ் மேடம், ப்ளீஸ்" என்கிறார். மேடம் சிரித்துக்கொண்டே அவரையும் ஒரு படம் எடுக்கிறாள்.

இந்த ரயில் பாதை 1893இல் அப்புத்தளைக்கு வந்தது. அடுத்த வருஷம் பண்டாரவளை. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. தேயிலையைக் கீழே இறக்கவும், அரிசியையும் ஆளையும் மேலே ஏற்றவும் போட்ட பாதை. காட்சி பார்க்கவென்று யாரும் ஒரு வளைவைக்கூடப் போடவில்லை. இன்று அதில் 'எல்ல ஒடிசி' என்று ஒரு வண்டி ஓடுகிறது. காட்சி நல்லாயிருக்கும் இடங்களில் மெதுவாகப் போகும். அந்தக் காலத்திலும் மெதுவாகத்தான் போனது, இன்ஜினால் அதற்கு மேல் முடியாமல். மெதுவாகப் போனதற்கு நாங்கள் பட்ட எரிச்சலை நினைத்தால், அதற்கு ஒரு தனி டிக்கெட் போட்ட மூளையை மெச்சத்தான் வேண்டும்.

என் அக்காவின் கடைசி மகன் கைடு. கொழும்பில் ஒரு துணிக்கடையில் சில வருஷம் நின்றுவிட்டு, "மலையே பரவால்ல மாமா" என்று திரும்பி வந்தவன். இப்போது அவனுக்கு 'பீகோ டிரெயில்' சோறு போடுகிறது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் நடைபாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். மிகேல் குனாட் என்ற ஸ்பெயின்காரரின் யோசனை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் காசு கொடுத்தன. துரைமார் குதிரையில் போன பாதை, கொழுந்து சுமந்த பாதை, தேயிலை ஸ்டோருக்கு வண்டி போன பாதை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்திருக்கிறார். குறை சொல்வதற்கில்லை. புதிதாக ஒரு செடியைப் பிடுங்காமல் இருந்ததையே இணைத்தது கெட்டிக்காரத்தனம். எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. அதில் ஒரு துண்டு, நான் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்த வழி. அதற்கு ஒரு கட்ட எண் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது, 'நடுத்தரக் கடினம்' என்று தரமும் போட்டிருக்கிறார்களாம். அந்தத் தரம் அப்போதே தெரிந்திருந்தால் பிந்தி வந்ததற்கு வாத்தியாரிடம் காரணமாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு நாள் அவனோடு நடந்தேன். இரண்டு ஜெர்மன்காரர்கள், புருஷனும் மனைவியும். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், முதுகில் தண்ணீர்ப் பை, பையிலிருந்து வாய்க்கு வரும் குழாய். காலில் அட்டைக் காலுறை. முழங்கால்வரை இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. அட்டை துணியிலேயே ஏறித் தவித்துக் கிடக்கும். எங்கள் அப்பாயி சவர்க்காரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் தேய்த்துவிடுவாள். அதையும் மீறிக் கடித்தால் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுக் கொழுந்தை எடுப்பாள். அட்டைக்கு நின்றால் கங்காணி கத்துவார். அந்த ஜெர்மன் பெண் தன் காலுறையில் ஏறிய முதல் அட்டையைப் படமெடுத்தாள். இரண்டாவதையும் எடுத்தாள். ரத்தம் குடிக்க வந்த அட்டைக்கு இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை.

வழியில் மருமகன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவர்கள் இருவரும் நின்று, என்னைப் பார்த்து, 'வாவ்' என்றார்கள்.

"என்னடா சொன்ன?"

"நீங்க சின்ன வயசுல தெனம் இந்த வழியில நடந்தீங்கன்னு சொன்னேன் மாமா. செருப்பில்லாமன்னும் சேத்துக்கிட்டேன். அதுதான் அவங்களுக்குப் புடிக்கும்."

சேர்த்துக்கொண்டதில் பொய்யில்லை. ஆனால் அந்த வழியில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதை அவன் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. இதல்கஸ்ஹின்ன பக்கம் ரயில் பாதையில் சுரங்கம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது தண்டவாளம் அதிர ஆரம்பித்தால் சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொள்வோம். கோச்சி போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் பல் மட்டும் வெள்ளை. அந்த முகத்தோடு வகுப்புக்குப் போனால் அடி, கழுவிவிட்டுப் போனால் பிந்தியதற்கு அடி. எது வலி குறைவு என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது.

டவுனுக்குப் போவது என்றாலே எங்களுக்குத் திருவிழா. சம்பள ஞாயிறு அன்று தோட்டமே அப்புத்தளைக்கு இறங்கிவிடும். அப்பா கடன் அடைக்கப் போவார், அம்மா துணிக்கடையில் விலை மட்டும் கேட்கப் போவாள், நாங்கள் படம் பார்க்கப் போவோம். எம்.ஜி.ஆர். படம் மதராஸில் ஓடிச் சலித்து, கொழும்பிலும் சலித்து, பிறகு எங்கள் மலைக்கு ஏறி வரும். வரும்போது பாதிப் பாட்டுகள் அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் நாங்களே பாடுவோம். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் அவர் எங்கள் ஆள் என்று ஒரு உரிமை வேறு. படம் விட்டுத் திரும்பும்போது இருட்டிவிடும். சைக்கிள் டயர்த் துண்டைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறுவோம். சண்டைக் காட்சியை அந்த வெளிச்சத்தில் இன்னொரு தரம் நடித்துக் காட்டுவான் ஒருவன். இதைப் பொதி கட்டி விற்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. டயர் புகைக்குச் சுற்றாடல் அதிகார சபை விடாது என்று நினைக்கிறேன்.

திருவிழா இல்லாத டவுன் பயணமும் உண்டு. 1973, 1974இல் மாவும் அரிசியும் இல்லாத காலம். பாண் வாங்க நள்ளிரவு கடந்ததும் எழும்பி நானும் அக்காவும் இறங்குவோம். பேக்கரி திறப்பதற்கு முன்பே வரிசை ரயில் கடவை வரைக்கும் வந்துவிடும். பனியில் முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் தெரியும். ஒரு றாத்தல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காமல் ஏறிய காலைகளும் உண்டு. அந்தக் காலைகளில் அக்கா பேசமாட்டாள்.

இன்றும் அதே நேரத்தில் அப்புத்தளை எழும்புகிறது. இருட்டோடு ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும். லிப்டன் சீட்டில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் முதல் வெளிச்சத்துக்கு முன் மேலே இருக்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குப் பனி மூடிவிட்டால் எதிரே இருப்பவரின் முகம்தான் காட்சி. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர். டம்பதென்ன ஸ்டோர் அவர் கட்டியது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே, தன் தோட்டம் முழுவதும் தெரியும் உச்சியில் உட்கார்ந்து பார்ப்பாராம். இப்போது சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடம் விட்டிருப்பதால் வருகிறவர்கள் தோளில் கை போட்டுப் படமெடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டோவில் ஏறி, நடந்து இறங்குவது வழக்கம். எங்கள் அம்மாமார் நடந்து ஏறி, நடந்து இறங்கினார்கள். இறங்கும்போது தலைக்கயிற்றில் கூடை தொங்கியது. அவர்கள் முதுகை அந்தக் காட்சிக்குக் காட்டி நின்று கொழுந்து எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். முகத்தைக் காட்டி நிற்க அந்தச் சரிவில் கால் ஊன்றாது.

எல்லவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போன காலத்தில் ஒரு ஸ்டேசன், ஒரு ரெஸ்ட் ஹவுஸ், சில கடைகள். தெமோதரைக்குப் போகும் வழியில் ஒன்பது வளைவுப் பாலம் காட்டுக்குள் அதன்பாட்டுக்கு நின்றது. 1921இல் கட்டி முடித்த கல்லும் செங்கல்லும். இரும்பெல்லாம் முதலாம் உலகப் போருக்குப் போய்விட்டதால் இரும்பில்லாமல் கட்டினார்கள் என்று ஒரு கதை. இன்று கோச்சி வருகிற நேரத்துக்குப் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆயிரம் போன்கள் உயர்கின்றன. கோச்சிக்காரர் நீளமாக ஒரு ஹோர்ன் அடித்து எல்லோரையும் தண்டவாளத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. பாலத்தின் மேல் நிற்பவர்கள் கோச்சியைப் படமெடுக்கிறார்கள், கோச்சியில் இருப்பவர்கள் அவர்களைப் படமெடுக்கிறார்கள். பாலத்தை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அங்கேயே சின்ன சிவனொளிபாத மலைச் சரிவில் கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டு. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். எடை பார்த்து, தலைக்கவசம் மாட்டி, ஏதாவது நடந்தால் நானே பொறுப்பு என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு உரச்சாக்கு இருந்தது. மானாப் புல் காய்ந்த சரிவில் சாக்கை விரித்து மூன்று பேர் உட்கார்ந்தால், கீழே ஓடையில்தான் நிற்போம். கையெழுத்தை முழங்கையில் போட்டுக்கொள்வோம். என்னுடையது இன்னும் இருக்கிறது.

மருமகனுக்கு அதிகம் காசு தருவது 'கேம்பிங்'. தேயிலை மலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டு, தீ மூட்டி, ஒரு இரவு. குளிரில் நடுங்குவதற்கு இவ்வளவு காசா என்று கேட்டேன். "அந்த அமைதிக்கு மாமா" என்றான். அமைதி இருக்கத்தான் செய்யும். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளையிலும் பண்டாரவளையிலும் கடைகள் எரிந்த இரவு எங்கள் லயமே அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள்தான் படுத்திருந்தது. தீ மூட்டவில்லை. கைப்பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் அன்றைக்கும் நிறைய இருந்தது. இதை நான் மருமகனிடம் சொன்னபோது, அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இத வெள்ளக்காரன்கிட்ட சொல்லலாமா மாமா?" என்று கேட்டான். சொல்வதா வேண்டாமா என்று இன்னும் நான் பதில் கொடுக்கவில்லை.

அதேபோல அவன் தியலுமா நீர்வீழ்ச்சிக்கு ஆட்களைக் கூட்டிப்போவான். 220 மீட்டர் உயரம். மேலே ஏறிப் பாறைக் குளங்களில் குளிப்பார்கள். போகிற வழி கொஸ்லந்தை. மீரியபெத்தைத் தோட்டம் அங்கேதான். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். அது சரியக்கூடிய நிலம் என்று பல வருஷங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த வளைவில் வேனை நிறுத்தமாட்டான் மருமகன். அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் குடும்பம் அங்கே இருந்தது.

பங்களாவுக்கு வருவோம். கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக்கியபோது எங்கள் ஊர் ஸ்டோர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொழுந்தை வாட வைத்த மாடியில் ஆட்களைப் படுக்க வைக்கிறார்களாம். காலையில் எழும்பும்போது பாதி எடைதான் இருக்குமாம். சிரித்தவர்களின் பிள்ளைகள் இன்று இதுபோன்ற இடங்களில்தான் வேலை செய்கிறார்கள். ஸ்டோர்கள் போய், துரை பங்களாக்களும் ஒன்றொன்றாக ஹோட்டலாகிவிட்டன. என் மகன் கொழும்பில் பேங்கில் இருக்கிறான். எங்கள் கல்யாண நாளுக்கு அப்படி ஒரு பங்களாவில் ஒரு ராத்திரி எடுத்துக் கொடுத்தான். விலையைச் சொல்ல மாட்டேன் என்றான். விலை தெரிந்தால் அம்மா சாப்பிட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பங்களா கேட்டைத் தாண்டும்போது குடையை மடக்க வேண்டும், மழையானாலும். அன்று கேட்டைத் திறந்த பையன் எங்களுக்குக் குடை பிடித்தான், வெயிலிலும். புல்வெளியில் நாற்காலி போட்டு, மூன்று தட்டு அடுக்கில் விரல் அளவு சாண்ட்விச்சும் கேக்கும் கொண்டுவந்தார்கள். என் மனைவி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "மத்தவங்களுக்கு?" என்றாள். பிறகு வெள்ளைச் சட்டைப் பையன் ஒருவன் வந்து, தேயிலை எப்படித் தயாராகிறது என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தான். இரண்டு இலை ஒரு மொட்டு, வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது. ஸ்டோரில் முப்பது வருஷம் ரோலர் பிடித்தவரின் மகன் நான். ஆனாலும் பையன் மனப்பாடம் செய்ததை நடுவில் உடைக்க மனம் வரவில்லை. "அப்படியா?" என்று கேட்டேன். "உருட்டிய பிறகு நிறம் மாறுமா?" என்றும் கேட்டேன். அவன் மிகவும் சந்தோஷப்பட்டான். என் மனைவி என் காலை மிதித்தாள்.

தேநீர் நன்றாக இருந்தது. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த மலையின் நல்ல இலையை நான் அன்றுதான் குடிக்கிறேன் என்று நாக்கு சொன்னது. லயத்தில் எங்களுக்குக் கிடைத்தது தூள். அதில் போட்ட சாயத்தண்ணியை வெல்லத்தைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். இப்போதும் வீட்டில் அதுதான். நல்ல தேயிலை எனக்கு லேசாக இருக்கிறது.

கடைசியாக அக்கா. அறுபது வயதுவரை கொழுந்து எடுத்தவள். நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்கிலேயே வாழ்ந்தவள். முதுகு வளைந்துவிட்டது, நாக்கு வளையவில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று வருஷக் கணக்கில் கத்தி, 2021இல் கிடைத்தது. 2024இல் 1350 என்று அறிவித்தார்கள். அப்போது அக்கா வேலையை விட்டாயிற்று. ஆனால் மருமகன் அவளுக்கு வேறு வேலை கண்டுபிடித்துவிட்டான்: 'கொழுந்து எடுக்கும் அனுபவம்'. வருகிறவர்களுக்குக் காற்சட்டைக்கு மேல் சேலையைச் சுற்றி, படங்கு கட்டி, தலையில் கயிற்றை மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் செடிக்குள் இறக்குவது. அக்கா அவர்களுக்கு விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க வேண்டும். தலைக்கு வாங்கும் காசு ஒருநாள் பேரைவிட அதிகம். அதில் அக்காவுக்கு ஒரு பங்கு.

நான் பார்க்கப் போன அன்று நாலு பேர் வந்திருந்தார்கள். அரை மணி முடிந்ததும் அக்கா நாலு கூடையையும் சாக்கில் கொட்டிக் குந்தி உட்கார்ந்தாள். முற்றல் இலை, காம்பு, பூ, ஒரு கூடையில் ஒரு கண்ணாடி மூடி. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். மிச்சம் ஒரு கைப்பிடி. கங்காணியின் குரல் அப்படியே வந்தது அவளுக்கு.

"இதுக்கு அரப் பேரு கெடையாது. காப் பேரு போட்டாக்கூட கணக்கப்புள்ள என்னைய ஏசுவாரு. இந்த ஒசரமானவன நாளைக்கி மலைக்கி வர வேணாம்னு சொல்லு."

"என்ன சொல்கிறார்கள்?" என்று உயரமானவன் ஆவலோடு கேட்டான்.

"நீங்கள் பிறவிக் கொழுந்துக்காரர் என்கிறார்" என்றான் மருமகன்.

உயரமானவன் நெஞ்சில் கைவைத்து அக்காவுக்கு நன்றி சொன்னான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நடுவில் நிற்க, நாலு பேரும் சூழ்ந்து படமெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேனில் ஏறியதும் அக்காவிடம் கேட்டேன்: "இப்படிப் பிச்சு வச்சா செடி என்னாகும்?"

"ஒன்னும் ஆகாது தம்பி. இந்த மல அடுத்த மாசம் கவ்வாத்துக்கு வருது, எப்படியும் வெட்டத்தான் போறாங்க" என்றாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டே மகனிடம் திரும்பினாள்: "வர்ற வாரம் எட்டுப் பேராக் கூட்டியா. அதுக்கப்பறம் கீழ் மலையக் காட்டுவோம், அதுல எப்பிடியும் கொழுந்து கெடையாது."